உயர்தமிழ் தந்த இரண்டு புள்ளிகள்

திருச்சியில் நான் கல்லூரி மாறியபோது, டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த ஒரு தாளுக்காக அப்பா மூன்று நாள் அலுவலக வாசலில் நின்றார். அதனால்தான், சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான தொடக்கக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரமே மகன், "அம்மா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறிக்கொள்கிறேன், எனக்குப் பொறியியல்தான் சரி" என்றபோது, "டி.சி. தருவார்களா?" என்று கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். இங்கே அப்படி ஒரு தாளே இல்லை. உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் முடிவைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்.

அந்த முடிவை வைத்து நான் போட்ட கணக்கு தப்பு. சிங்கப்பூரில் புள்ளி குறையக் குறைய நல்லது. தொடக்கக் கல்லூரிக்கு ஒரு மொழியின் புள்ளியோடு ஐந்து பாடங்களின் புள்ளிகளைக் கூட்ட வேண்டும்; அவனுக்கு 16. விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கைக்கு இரண்டு, வழக்கமான தமிழைவிடக் கடினமான உயர்தமிழ்ப் பாடத்துக்கு இரண்டு கழித்தால் 12. தொழிற்கல்லூரிக்கு ஐந்து பாடங்களே போதும் என்றார்கள். வரலாற்றோடு சேர்ந்த பாடத்தில் அவனுக்கு 4; அதை எடுத்துவிட்டால் 8 என்று தேக்கா மளிகைக்கடை ரசீதின் பின்புறத்தில் எழுதிப் பார்த்து, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவனே உட்கார்ந்து விளக்கினான். தொடக்கக் கல்லூரிக் கணக்கில் முதல் மொழியாக உயர்தமிழை வைத்துக்கொள்ளலாம்; அதில் அவன் 2. தொழிற்கல்லூரிக் கணக்கில் ஆங்கிலம் கட்டாயம், அதில் 4. பிறகு அந்தப் படிப்புக்கு உரிய இரண்டு பாடங்கள், கணிதமும் இயற்பியலும், 2, 3. மீதியில் சிறந்த இரண்டு: கூடுதல் கணிதம் 2, உயர்தமிழ் 2. ஆக 13. உயர்தமிழுக்கான சலுகைப் புள்ளிகள் அங்கே செல்லாது, இணைப்பாட நடவடிக்கைக்கு மட்டும் இரண்டு. ஆக 11. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு மாலை மாலையாக அலைந்து வாங்கிய இரண்டு புள்ளிகள் இப்படிப் போனது எனக்குத்தான் வலித்தது, அவனுக்கு இல்லை. அவன் விரும்பிய படிப்பில் முந்தைய ஆண்டு கடைசியாகச் சேர்ந்தவருக்கும் 11.

மொத்தம் 26க்குள் இருந்தால் தகுதி உண்டு என்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. இதை எனக்குப் புரியவைக்க யாரும் மெனக்கெடவில்லை. எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றாக நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் இடம் ஒதுக்கிய பிறகு மேல்முறையீடு செய்பவர்கள், காலியாக இருக்கும் இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். மேல்முறையீட்டு விண்ணப்பத்தில் அவன் நான்கு வரி எழுதினான். நான் பத்து வரி எழுதச் சொன்னேன். கேட்கவில்லை.

இன்னொன்று, சில பொறியியல் படிப்புகளில் நிறப்பார்வைக் குறை இருந்தால் சேர முடியாது. மருந்தகத்தில் மருத்துவர் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டினார். "74" என்றான் உடனே. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது 21 ஆகத் தெரியுமாம். பக்கத்தில் நின்ற நானும் எட்டிப் பார்த்து 74தான் என்று உறுதிசெய்துகொண்டேன்.

மேல்முறையீட்டு முடிவுக்குக் காத்திருந்த மூன்று வாரமும் அவன் தொடக்கக் கல்லூரிச் சீருடையில் போய்க்கொண்டுதான் இருந்தான். உறவினர் ஒருவர், "விலகிவிட்டு நிம்மதியாகக் காத்திரு" என்றார். நல்ல வேளை, கேட்கவில்லை. இடம் உறுதியாகாமல் விலகினால் இரண்டும் கெட்டான் நிலைதான். அந்த வாரங்களில் படித்த எதுவும் கணக்கில் சேராது என்பதும் தெரிந்தே போனான். ஏப்ரலில் முதலாம் ஆண்டு, அங்கிருந்து மூன்று ஆண்டு.

இடம் கிடைத்த செய்தி கைப்பேசிக்கு வந்தது. விலகல் படிவத்தில் கையெழுத்திடப் போனபோது, பழக்கதோஷத்தில், "வேறு சான்றிதழ் ஏதும் வேண்டாமா?" என்று கேட்டேன். எழுத்தர் சிரித்தார்.

அன்றிரவு திருச்சிக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, டி.சி. வாங்கிவிட்டாயா?" என்றார்.