பிள்ளை எப்ப சேர் படிக்கிறது?

தவணைத் தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் பெற்றோரிடம் நாங்கள் வழமையாகச் சொல்வது ஒன்றுதான்: "வீட்டில கொஞ்சம் கவனம் எடுங்கோ." தரம் 10 இல் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவியின் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை எப்ப சேர் படிக்கிறது? விடிய அஞ்சு மணிக்கு எழும்புது. ரியூசன் முடிஞ்சு வீட்ட வர இருட்டிடும். சாப்பிட்டிட்டு இருந்தா கொப்பிக்கு மேலயே நித்திரையாப் போகுது. பேசாம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாத்திவிடட்டோ?"

"வேண்டாம் அம்மா, இன்னும் ஒரு வருஷம்தானே" என்றேன்.

அந்தப் பதில் சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அவர்கள் வீடு இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். காலையில் புல்மோட்டையில் இருந்து வரும் பஸ் அங்கே வந்து சேரும்போதே நிரம்பியிருக்கும். புத்தகப் பையை இருக்கிற யாராவது ஒருவரின் மடியில் கொடுத்துவிட்டு, நிலாவெளி, உப்புவெளி தாண்டி, எங்கள் பாடசாலை இருக்கிற திருகோணமலை டவுன் வரை நின்றுதான் வர வேண்டும். பின்னேர பஸ் டவுனில் இருந்தே வெளிக்கிடுவதால் இருக்க இடம் கிடைக்கும். அவளின் வீட்டுவேலை பாதி அங்கேதான் நடந்தது.

கொப்பியைப் பார்த்தாலே அது தெரியும். ஒருமுறை இருபடிச் சார்பின் வரைபு கொடுத்திருந்தேன். அட்டவணையில் பெறுமானங்கள் எல்லாம் சரி. ஆள்கூறுகளும் உரிய இடத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை இணைத்த கோடு இரண்டு இடத்தில் உதறியிருந்தது. திரும்பல் புள்ளிக்குக் கிட்டப் பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. பஸ் குலுங்கிய இடம். ஒப்பமான வளையிக்கு உரிய புள்ளியை நான் கொடுக்கவில்லை. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வினாத்தாள் திருத்துபவருக்கு அந்த பஸ்ஸைப் பற்றித் தெரியாது. அவரும் கொடுக்க மாட்டார். அதைப் பிள்ளைக்கு இப்போதே காட்டிவிட வேண்டும் என்பது என் நியாயம். விடை தெரிந்த பிள்ளைக்கு விடை தெரியாதவள் என்று சொல்லிவிட்டேனோ என்பது மற்றப் பக்கம்.

ஊருக்கு மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. அப்போது அந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. ஓ.எல்.லில் கணிதம் சித்தியில்லாமல் உயர்தரத்துக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அருகில் உள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்ற அரசாங்கத் திட்டம் 2016 அளவில் வந்தது. அதன் நோக்கத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் கட்டடத்தைக் கட்டிவிடலாம், கணித ஆசிரியரை அங்கே இருக்க வைப்பதுதான் பெரும்பாடு. நியமனம் கிடைத்து வருகிறவர்கள் அதே பஸ்ஸில் எதிர்த்திசையில் போய் வந்து, முடிந்தவரை சீக்கிரம் இடமாற்றம் எடுக்கப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்களுக்கும் அதே களைப்புத்தானே.

தூரத்தை மட்டும் பிடித்துக்கொண்டும் பேச முடியாது. தம்பலகாமம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பையன் எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறான். பாடசாலை மணி கேட்கிற தூரத்தில் வீடு இருந்தும் கொப்பியே திறக்காத பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்தப் பையனுக்கு வீட்டில் படித்த அண்ணன் ஒருவர் இருந்தார். தங்கச்சியைப் பார்க்கிற வேலையும் இரவுச் சமையலும் அவன் தலையில் இல்லை. இவளுக்கு இரண்டும் இருந்தன.

2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவில் உள்ள குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அதன் பிறகு கொஞ்சக் காலம் திருகோணமலை முழுவதும் பிள்ளைகளின் பயணத்தைப் பற்றித்தான் பேச்சு. பேச வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் பத்திரமாக வந்து, பத்திரமாகத் திரும்பி, அதற்குள் களைத்துப் போகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம் நித்திரை வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும் என்றால் ஒன்பது மணிக்காவது படுக்க வேண்டும். இருட்டி வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு, குளிப்பு, சாப்பாடு, வீட்டு வேலை போக என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்துக்குள்தான் எட்டு ஒன்பது பாட ஆசிரியர்கள், ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாமல், வீட்டுவேலை கொடுக்கிறோம்.

அவளுக்கு ஓ.எல்.லில் கணிதத்துக்கு சி (திறமைச் சித்தி) கிடைத்தது. என் பதில் சரியென்று காட்ட அது போதும் என்று சில நாட்களில் தோன்றும். விஞ்ஞானம் அதைவிடக் குறைவு. உயர்தரத்துக்கு ஊருக்கே போய்க் கலைப்பிரிவு எடுத்தாள். தரம் 6 இல் வந்தபோது டொக்டராக வேண்டும் என்று சொன்ன பிள்ளை. அப்படிச் சொன்ன பிள்ளைகள் எல்லோரும் டொக்டராவதில்லைதான். கலைப்பிரிவு ஒன்றும் குறைந்ததும் இல்லை. ஊரிலேயே இருந்திருந்தால் கணிதமே போயிருக்கலாம், அல்லது நன்றாக நித்திரை கொண்டு, இதைவிட நன்றாகச் செய்திருக்கலாம். அம்மா பெறுபேறு வந்தபின் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது அதே வீதியால் வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டுவேலையைக் குறைத்து, வரைபையும் கேத்திரகணிதத்தையும் வகுப்பிலேயே செய்விக்கிறேன். இதனால் பாடம் பின்தள்ளுகிறது. "டவுன் பிள்ளைகள் இரவில ரியூசன்ல ரெண்டு மடங்கு செய்யுதுகள். நீங்க இதுகளுக்குக் குறைச்சா இதுகள் எப்பிடி எட்டிப் பிடிக்கும்?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த தவணைப் புள்ளிகள் வந்தபின் இருவரும் இருந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.