டபுள்ஸ் நாட்குறிப்பு: புதுச்சேரி, 2025 ஆகஸ்ட்

25 ஆகஸ்ட், திங்கள்

பாரிஸில் இன்று பேட்மிண்டன் உலக சாம்பியன்ஷிப் தொடங்குகிறது. 31 வரை நடக்கும். நான் பயிற்சி கொடுக்கும் பெண்கள் இந்த வாரம் முழுக்க வேறு பேச்சே பேசப்போவதில்லை.

மாலைப் பயிற்சி முடிந்து நெட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வில்லியனூர்ப் பெண்ணின் அப்பா வந்தார். வெளியூர் அகாடமி ஒன்றில் அவள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். "நல்ல உயரம், நல்ல ஸ்மாஷ். டபுள்ஸ்ல போட்டு ஏன் வீணாக்குறீங்க, சிங்கிள்ஸுக்கு மாத்துங்கன்னு சொல்றாங்க மேடம். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு வாரம் பொறுங்கள் சார் என்றேன். அவர் நல்ல மனிதர். வேலை முடிந்து தினமும் மகளை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் "வீண்" என்ற அந்தச் சொல் ராத்திரி வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பயிற்சி இல்லை. காலையில் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நின்று கும்பிட்டு வந்தேன். மதியம் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு, அந்த அப்பாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரி அஸ்வினி பொன்னப்பாவைப் பற்றித்தான்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஜுவாலா கட்டாவுடன் சேர்ந்து தங்கம். 2011-இல் லண்டனில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். அதுவரை அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு இருந்த ஒரே பதக்கம் 1983-இல் பிரகாஷ் படுகோன் வாங்கியது. 28 ஆண்டு வறட்சியை முடித்தது ஒரு டபுள்ஸ் ஜோடி. அதுவும் பெண்கள் ஜோடி. அப்புறம் 2012 ஒலிம்பிக். மூன்று லீக் ஆட்டத்தில் இரண்டில் ஜெயித்தும், புள்ளிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி குறைந்து காலிறுதி கைவிட்டுப் போனது. அந்த ஒரு புள்ளியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சிக்கி ரெட்டியுடன் வெண்கலம், கலப்பு அணிக்குத் தங்கம். 2023 ஜனவரியில் தனிஷா கிராஸ்டோவுடன் புதிய ஜோடி. டெல்லியில் அஸ்வினி தங்கம் வாங்கியபோது தனிஷாவுக்கு 7 வயது. தரவரிசைப் புள்ளி ஜோடியின் பெயரில்தான் ஏறும். 52 வாரத்தில் ஆடிய போட்டிகளில் சிறந்த 10-இன் புள்ளியைக் கூட்டுவார்கள். பார்ட்னர் மாறினால் பழைய ஜோடியின் இடம் கூடவே வராது. 33 வயதில் அப்படிச் சின்னச் சின்னப் போட்டிகளில் தொடங்கி, 2024 ஏப்ரலுக்குள் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார்கள். அங்கே மூன்று ஆட்டமும் தோல்விதான். இருக்கட்டும். 2012, 2016, 2024 என்று மூன்று ஒலிம்பிக் ஆடிய ஒரு பெண்ணின் வாழ்க்கையை வீண் என்று யார் சொல்ல முடியும்?

28 ஆகஸ்ட், வியாழன்

இன்று சர்வீஸும், எதிராளி திருப்பியதும் நாம் அடிக்கும் மூன்றாவது அடியும் மட்டும். டபுள்ஸ் கோர்ட் 6.1 மீட்டர் அகலம், சிங்கிள்ஸைவிடப் பெரியது. ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் பின்னால் 76 சென்டிமீட்டர் குறைவு. அதனால் எதிராளி முன் கோட்டின் ஓரமாகவே வந்து, ரேக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். நெட்டுக்கு மேல் ஷட்டில் ஒரு சாண் எழும்பினாலும் அடித்துவிடுவார்கள்.

வில்லியனூர்ப் பெண்ணின் ஜோடியான பாகூர்ப் பெண்ணுக்கு ஷட்டிலை எழும்ப விடாமல் ஆடுவது கைவந்த கலை. இடதுகைக்காரி, ஜுவாலா மாதிரி. முன்னால் நின்று எதிராளியை ஷட்டிலை உயரத் தூக்கி அடிக்க வைப்பாள். அது மேலே வந்ததும் பின்னால் இருந்து வில்லியனூர்ப் பெண் பாய்ந்து ஸ்மாஷ். கைதட்டு ஸ்மாஷுக்குத்தான் கிடைக்கும். பாகூர்ப் பெண்ணின் அம்மா ஒருநாள் என்னிடம், "ஏன் டீச்சர், எம் பொண்ணு அடிக்கவே மாட்டேங்குறா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, ஷட்டிலை விட்டுவிட்டு மகளின் கால்களை மட்டும் பாருங்கள் என்றேன். அரை மணி நேரம் அப்படியே பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

30 ஆகஸ்ட், சனி

நேற்று ராத்திரி காலிறுதி. நம் நாட்டு சாத்விக், சிராக் ஜோடிக்கு எதிரே மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக். போன வருஷம் ஒலிம்பிக் காலிறுதியில் இதே அரங்கில், இதே ஜோடியிடம்தான் தோற்றார்கள். முதல் கேமை 21-13 என்று எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் 14-21, 16-21 என்று விட்டார்கள். நேற்று 21-12, 21-19. பதக்கம் உறுதி. வாட்ஸாப்பில் இரண்டு பெண்களும் மாறி மாறிக் கத்தினார்கள். தூங்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகும் ஒருவரை ஒருவர் விடாமல் இருந்தார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அரையிறுதியில் சீன ஜோடியிடம் 19-21, 21-18, 12-21. வெண்கலம். 2022-க்குப் பிறகு இவர்களுக்கு இரண்டாவது. 2011-இல் ஜுவாலாவும் அஸ்வினியும் தொடங்கி வைத்ததிலிருந்து ஒவ்வொரு உலக சாம்பியன்ஷிப்பிலும் இந்தியா ஏதாவதொரு பதக்கத்தோடுதான் திரும்புகிறது.

2 செப்டம்பர், செவ்வாய்

அப்பா வந்தார். மகளையும் கூடவே உட்கார வைத்தேன். அவள் வாழ்க்கை, அவள் கேட்கட்டும்.

முதலில் கெட்ட செய்தி. பெரிய போட்டிகளில் மொத்தப் பரிசுத் தொகையில் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 7 விழுக்காடு. டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.4. பிரித்தால் ஆளுக்கு 3.7. அடுத்தது, பார்ட்னருக்கு முழங்கால் போனால் உங்கள் மகளுக்கும் அந்த சீசன் போச்சு. என் கதையையும் சொன்னேன். என் பார்ட்னர் கல்யாணமாகி விழுப்புரம் போனாள். இன்னொருத்தியோடு ஆட எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு என் ஆட்டம் நின்றது. அவள் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. டபுள்ஸ் ஆடுகிறவர்கள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்மாஷ் விஷயம். உலகத்திலேயே வேகமான ஸ்மாஷ் என்று கின்னஸில் பதிவானது சாத்விக் அடித்தது, மணிக்கு 565 கிலோமீட்டர். பெண்களில் மலேசியாவின் பியர்லி டான், 438. இரண்டு பேரும் டபுள்ஸ் ஆட்டக்காரர்கள். பலமான கை டபுள்ஸில் வீணாகும் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, 14 வயதில் எதையும் விட வேண்டாம், இரண்டும் ஆடட்டும், சிங்கிள்ஸ் ஆடினால் காலும் மூச்சும் பலப்படும், 17 வயதுக்கு மேல் முடிவு செய்யலாம் என்றேன்.

அப்பா மகளைப் பார்த்தார். "சிங்கிள்ஸும் ஆடுறேன்பா. ஆனா அவளை விட மாட்டேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "சரி மேடம், நீங்களே பார்த்துக்குங்க."

தேர்வுப் போட்டிக்கு இரண்டிலும் பெயர் கொடுத்தாயிற்று. நாளையிலிருந்து இடம் மாற்றி ஆட வைக்கப்போகிறேன். பாகூர்ப் பெண் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்க வேண்டும், இவள் நெட்டில் நிற்க வேண்டும். எதிராளி இவளை முன்னால் இழுத்துவிட்டால் இந்த ஜோடி இப்போதைக்குத் திணறிப்போகிறது. தேர்வுக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும்.