மொட்டை மாடியிலிருந்து ஒரு புறக்கோளை அளந்தேன்

மூன்றாவது முயற்சியில் கிடைத்துவிட்டது. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை, ஆனாலும் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

குறிவைத்தது எச்டி 189733 பி என்ற புறக்கோள், அதாவது சூரியனை அல்லாமல் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள். பிரான்சின் ஓட்-ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் 2005இல் கண்டுபிடித்த கோள். தொலைவு சுமார் 64 ஒளியாண்டு. 2.2 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோகும். அந்த 1.8 மணி நேரமும் நட்சத்திரத்தின் வெளிச்சம் கிட்டத்தட்ட 2.4 சதவீதம் குறையும். 2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்த்தோமே, அதே சங்கதிதான். வெள்ளி மறைத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. இது மறைப்பது அதைப்போல இருபது மடங்குக்கும் மேல். அதனால்தான் 80 மி.மீ. தொலைநோக்கியும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் போதும் என்ற தைரியம் வந்தது.

நட்சத்திரத்தைத் தேடுவது சுலபம். டம்பெல் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பிடித்துவிட்டால், அதற்குக் கிழக்கே அரை டிகிரிக்குள் இருக்கிறது.

செப்டம்பர் தொடக்கத்தில் முதல் முயற்சி. கடப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேகம் மூடிவிட்டது. 1769இல் வெள்ளிக் கடப்புக்காகப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலையும் மேகம்தான் ஏமாற்றியது. அதற்கடுத்த வெள்ளிக் கடப்பு 1874இல். எனக்கோ, வாகான இரவு நேரத்தில் அடுத்த கடப்பு வர 11 நாள் பொறுத்தால் போதும்.

ஆனால் 11 நாளில் கடப்பு நேரம் இரண்டேகால் மணி பிந்தி, நள்ளிரவைத் தாண்டிவிட்டது. நட்சத்திரம் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் காற்று மண்டலத்தின் பாதிப்பு கழிந்துவிடும் என்று நினைத்தேன். கழியவில்லை. நான் ஒப்பிட்டது நீல நட்சத்திரம், இதுவோ ஆரஞ்சு. அடிவானத்தை நெருங்க நெருங்க நீல ஒளிதான் அதிகம் வடிகட்டப்படும். வெளிச்சத்தின் வரைபடம் ஒரே சரிவாக வந்தது, கடப்பு அதற்குள் எங்கோ காணாமல் போனது.

இந்த முறை மூன்று மாற்றங்கள் செய்தேன். ஒப்பிட ஆரஞ்சு நிற நட்சத்திரங்களாகப் பார்த்து எடுத்தேன். பச்சை பிக்சல்களை மட்டும் கணக்கில் சேர்த்தேன். முக்கியமாக, ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்தேன். ஒளி நிறைய பிக்சல்களில் பரவினால் எந்த பிக்சலும் நிரம்பி வழியாது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் லேசாக நகர்ந்தாலும் அளவு அவ்வளவாக மாறாது. இரவு 7.20 முதல் 11.05 வரை, 30 விநாடி எக்ஸ்போஷரில் சுமார் 380 படங்கள்.

ஆஸ்ட்ரோ இமேஜ் ஜே மென்பொருளில் போட்டதும் முதலில் வெறும் புள்ளிக் கூட்டம்தான் தெரிந்தது. பத்துப் பத்துப் படமாகச் சராசரி எடுத்தேன். அப்புறம் பார்த்தால், எட்டேகாலுக்குப் பின் கோடு இறங்கி, கிண்ணம் போல வளைந்து, பத்து மணியைத் தாண்டி மறுபடி பழைய உயரத்துக்கு ஏறியிருக்கிறது. கை நடுங்கிவிட்டது.

நான் அளந்த ஆழம், அதாவது வெளிச்சம் குறைந்த அளவு, 2.2 சதவீதம். மறைவது பரப்பளவு என்பதால் அதன் வர்க்கமூலம் எடுத்தால், கோளின் விட்டம் நட்சத்திரத்தின் விட்டத்தில் 0.148 பங்கு. நட்சத்திரத்தின் விட்டம் சூரியனுடையதில் சுமார் 0.78 பங்கு, சூரியனின் விட்டம் வியாழனைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. பெருக்கினால் 1.15 வியாழன் வருகிறது. வியாழனைவிடச் சற்றே பெரியது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் அளவும்!

இந்தக் கோள் ஆழ்ந்த நீல நிறம் என்று 2013இல் ஹபிள் தொலைநோக்கி காட்டியது. அந்த நீலம் கடல் இல்லை. நட்சத்திரத்திலிருந்து சுமார் 46 லட்சம் கி.மீ. தூரத்தில், 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயுக்கோள் அது. அந்த நிறமெல்லாம் என் கேமராவுக்கு எட்டாது. அதன் நிழல் மட்டும் என் மாடிவரை வந்தது.

மழை தொடங்குவதற்குள் எச்டி 209458 பியை முயல வேண்டும். 1999இல் முதன்முதலில் கடப்பு பதிவான புறக்கோள். ஆழம் 1.5 சதவீதம்தான், கடப்பு மூன்று மணி நேரம் நீளும். பேட்டரி இன்னொன்று வாங்கியாக வேண்டும்.