வேலூரில் ஒரு கேப்புக் கைத்துப்பாக்கி: துருவைச் சுரண்டும் முன் செய்ய வேண்டியவை

மேசையில் இருப்பது பர்மிங்காமில் செய்த பாக்ஸ்லாக் வகைக் கைத்துப்பாக்கி. மொத்த நீளம் 15 செ.மீ., குழல் 45 மி.மீ., உள்விட்டம் 11 மி.மீ. கோட்டுப் பைக்குள் அடங்குவதற்காகவே செய்த அளவு. பூட்டு, அதாவது சுடும் பொறி, முழுவதும் ஒரு சிறிய இரும்புப் பெட்டிக்குள் அடக்கம். அடிக்கும் சுத்தியலான குதிரை பக்கவாட்டில் இல்லாமல் நடுவில் நிற்கும். விரலால் இழுக்கும் விசை உள்ளே மடிந்திருக்கும், குதிரையை ஏற்றினால்தான் கீழே இறங்கும். கேப்பு என்பது குதிரை அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்பு மூடி; அதை மாட்டும் குமிழ் நிப்பிள். இந்தத் துப்பாக்கியில் நிப்பிள் இல்லை, குதிரை அசையவில்லை. மருந்து அறையின் பக்கச் சுவரைத் துரு அரித்து ஓட்டை போட்டிருக்கிறது.

அந்த ஓட்டைதான் இதை வீட்டில் வைத்திருக்க முடிவதற்குக் காரணம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, பழுதடைந்த ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. “நூறு வருஷம் ஆச்சு, லைசென்ஸ் வேண்டாம்” என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது. வயது மட்டும் போதாது. ஜவ்வாது மலைப் பக்கம் கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளை இன்றும் போலீஸ் பறிமுதல் செய்கிறது. “இது பழைய முறை” என்ற வாதம் இந்த மாவட்டத்தில் எளிதில் எடுபடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பொருளின் நிலையை எழுத்தில் காட்டி, பதிலையும் எழுத்தில் வாங்கி, அதன் நகலைப் பெட்டிக்குள்ளேயே வைப்பதுதான் சரி. 1872-இல் வந்த வெப்ளி புல்டாக் போன்ற, தோட்டா போடும் ரிவால்வர்களை உரிமம் இல்லாமல் கையில் எடுக்கவே வேண்டாம். இன்னொன்று: நூறு ஆண்டு கடந்த துண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய கேப்புத் துப்பாக்கிகள் பலவும் மருந்தும் குண்டும் கெட்டித்த நிலையிலேயே பரணுக்குப் போனவை. இந்த வகையில் குழலைத் திருகிக் கழற்றி, பின்னாலிருந்துதான் மருந்தும் குண்டும் போடுவார்கள். இங்கே திருகு துருவில் இறுகிவிட்டதால் வாய் வழியாகக் குச்சி விட்டு அளக்க வேண்டியதாயிற்று. 8 மி.மீ. குச்சி 46 மி.மீ.-இல் நின்றது. பார்த்தால் உள்ளே குண்டு இருப்பது போலத் தோன்றும், ஆனால் இல்லை. மருந்து அறை குழலைவிடக் குறுகலானது, தடித்த குச்சி அதன் வாயிலேயே முட்டிக்கொள்ளும். 4 மி.மீ. மூங்கில் குச்சி 58 மி.மீ. வரை இறங்கியது. வெளியே அளந்தால் நிப்பிள் துளையின் அடி 57 மி.மீ.-இல் இருக்கிறது. ஆக அறை காலி. குச்சி துளைக்கு முன்பே நின்றால் குடையக் கூடாது, சூடு காட்டக் கூடாது; அப்படியே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடமானாலும் பற்றும்.

அடுத்தது, குழலைச் சோதித்ததற்கு அடையாளமாக இரும்பில் குத்திய முத்திரை. இதைத் துருவில் கை வைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். எல்லா விளக்கையும் அணைத்து, ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், இரும்பை உரசுவது போன்ற சாய்வில் பிடித்துப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் நிழல் விழுந்து எழும்பும். ஒரே இடத்தை நான்கு திசையிலிருந்தும் எடுக்க வேண்டும். டால்கம் பவுடரை விரலால் தேய்த்துத் துடைத்தால் எழுத்து வெள்ளையாக நிற்கும்.

குழலின் அடிப்பக்கம் கிடைத்தவை இரண்டு. இரண்டிலும் கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த செங்கோல்கள்; ஒன்றில் வி (V) என்ற எழுத்து, மற்றதில் பி, பி, சி (B, P, C). இது பர்மிங்காமில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைச்சாலையின் அடையாளம். அந்தச் சோதனைச்சாலை 1813-இல் தொடங்கியது. லண்டன் என்றால் கிரீடத்தின் கீழ் ஜி, பி (G, P) பின்னிய எழுத்து இருக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் என்றால் முட்டை வடிவத்துக்குள் இ எல் ஜி (ELG). அந்த முட்டையின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. சந்தையில் “இங்கிலீஷ்” என்று வரும் மலிவு ரிவால்வர்களில் இந்த முட்டையைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

விட்டத்தை அந்தக் காலத்தில் ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வரும் என்ற எண்ணால் சொன்னார்கள். 54 என்றால் சுமார் 11.2 மி.மீ., 80 என்றால் 9.8, 120 என்றால் 8.6. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். புதிதாக வருபவர்கள் இதில் தவறாமல் தடுமாறுவார்கள்.

வேலூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே பழைய துப்பாக்கி எது கிடைத்தாலும் “1806 கலகத்தது, கோட்டையில் எடுத்தது” என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். 1806 ஜூலை 10-இல் கோட்டைக்குள் இருந்தவை சிக்கிமுக்கிக் கல் பூட்டுகள். வெடிக்கும் ரசாயனத்தால் பற்றவைக்கும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றதே 1807-இல். செம்புக் கேப்பு பரவியது 1820-களுக்குப் பிறகு. கேப்புக்கென்றே செய்த துண்டுக்கும் அந்தக் கலகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் கல் பூட்டைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியவை உண்டு. அவற்றில் மருந்துக் கிண்ணம் இருந்த இடத்தை அடைத்த தடயம் தெரியும். இந்தத் துண்டில் அப்படி எதுவும் இல்லை. கேப்புக்கென்றே பிறந்தது.

துருவுக்கு வருவோம். ஆரஞ்சு நிறத்தில், விரலில் பொடியாக ஒட்டுவதுதான் உயிருள்ள துரு. கரும்பழுப்பாக இறுகியிருப்பதைத் தொடக் கூடாது. அதுதான் இத்தனை காலம் இரும்பைக் காத்தது. மரப்பிடியைத் தாங்கும் திருகின் காடிக்குச் சரியாக, இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி ஸ்க்ரூடிரைவர் நுனியை அரத்தால் ராவி, ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்ததில் திருகு வந்தது. மரத்தைக் கழற்றிய பிறகு, இரும்பை மட்டும் 48 மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் முனையால் துருவைத் தள்ளினால் பெரும்பகுதி உதிர்கிறது. மிஞ்சியதற்கு நான்கு பூஜ்யம் (0000) போட்ட, மிக மெல்லிய இழை கொண்ட இரும்புக் கம்பளி, எண்ணெயோடு, அழுத்தாமல். இலைக்கொடி வேலைப்பாட்டின் மேல் அதையும் பயன்படுத்தவில்லை.

குத்துவிளக்குக்குப் புளி போடும் கை இங்கே நிற்க வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும், இடுக்கில் தங்கி மறுபடி துரு கிளப்பும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளடைவில் புளித்துப் பிசுபிசுக்கும், பித்தளையில் பச்சை பூக்கும். கடைசிப் பூச்சு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, மிக மெல்லியதாக. பத்து நிமிடம் விட்டுப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். வால்நட் மரப் பிடிக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று சொட்டு, உள்ளங்கையால் தேய்த்தால் போதும்.

வைக்கும் இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் அழகான தோல் உறை கிடைக்கிறது என்று அதற்குள் போட்டு வைக்கக் கூடாது. பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். உறையைத் தனியாகக் காட்சிக்கு வைக்கலாம். காற்றுப் புகாத 10 லிட்டர் பெட்டி, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஓர் ஈரமானி. ஈரப்பதம் 45-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மே மாத வறட்சியில் அதற்குக் கீழே இறங்கினால் மரம் சுருங்கித் திருகு துளையில் விரிசல் விடும். அப்போது ஜெல்லில் பாதியை எடுத்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் 55-ஐத் தாண்டினால் ஜெல்லை 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்தித் திரும்பப் போட வேண்டும்.

குதிரை இன்னும் அசையவில்லை. அதை அசைக்கும் எண்ணமும் இல்லை. நிப்பிள் துளையும் அறைச் சுவரின் ஓட்டையும் மெழுகு பூசியபடி திறந்தே இருக்கும். ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுத்த படங்களில் இருப்பதும் இந்த நிலைதான்.