ரெண்டு சாக்ஸபோன்

ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கர்நாடக சங்கீதக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசிச்ச 'கின்ஸ்மென்' (2008) ஆல்பத்தைக் கேட்டிருக்கீங்களா? இல்லேன்னா இன்னிக்கு ராத்திரியே ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

ரெண்டு பேர் கையிலயும் ஆல்டோ சாக்ஸபோன்தான். ருத்ரேஷ் ஸ்வரத்தைக் கூர்மையா, வெட்டி வெட்டி வாசிப்பார். கத்ரி கமகத்துல, அதாவது ஸ்வரத்தை அசைச்சு வளைச்சு, இழைஞ்சுக்கிட்டே போவார். கூடவே கன்யாகுமாரி அம்மா வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாசி கிட்டார்.

எழுதி வச்ச பகுதியை எல்லாரும் ஒண்ணா வாசிச்சு முடிக்க, ஒருத்தர் தனியாக் கிளம்புவார் பாருங்க! எது எழுதினது, எது அந்த நொடியில பிறந்ததுன்னு எனக்குப் பிரிக்கவே தெரியலை. ஜாஸ்ல கார்ட்ஸ், அதாவது ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், மாறிக்கிட்டே இருக்கும். ராகத்துக்கு அது ஒத்துவராது. ரெண்டு இசையையும் கலக்குற ஃப்யூஷன் கச்சேரி பலதும் சறுக்குற இடம் அதுதான். இவங்க ராகம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்காங்க.

கத்ரி 2019ல காலமாயிட்டார். இந்தக் கூட்டணியை மேடையில நேர்ல கேட்டவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, ப்ளீஸ்.