கணக்கு பாடவேளையில் வரலாற்று வாத்தியார்

2022 ஜூன் 13, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஆசிரியர் அறைச் சுவரில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தது. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ‘கணிதம்’ என்றிருந்த கட்டங்களில் எல்லாம் என் பெயரின் முதலெழுத்து. யாரோ கட்டம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பி.ஏ. வரலாறு, பி.எட். வேலையில் சேர்ந்தது சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு கணக்குக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. பதினொன்றாம் வகுப்பில் வரலாறு குரூப் எடுத்ததற்கே கணக்கு இல்லை என்பதுதான் காரணம்.

எங்களுடையது டெல்டாப் பக்கம் ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரே பிரிவு. இந்த மாதிரிப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள். ஒருவர் போனால் அந்தப் பாடத்துக்குப் பள்ளியில் வேறு ஆள் கிடையாது. அந்த வருடத் தொடக்கத்தில் நடந்த இடமாறுதல் கலந்தாய்வில் எங்கள் கணக்கு ஆசிரியர் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்துப் போய்விட்டார். பத்து வருடம் காத்திருந்து கிடைத்த இடம், அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்துக்குத்தான் யாரும் வரவில்லை.

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நான் வருவேன் என்று தெரிந்தே டீ சொல்லி வைத்திருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். பத்தாம் வகுப்புக்குப் பக்கத்துப் பள்ளியிலேர்ந்து கணக்கு சார் வாரம் ரெண்டு நாள் மாற்றுப்பணியில வர்றார். ஆறு, ஏழு ரெண்டையும் அறிவியல் டீச்சர் பார்த்துக்கிறாங்க. எட்டு, ஒன்பது மட்டும் நீங்க. எட்டாங்கிளாஸ் கணக்குதானே, நமக்குத் தெரியாததா?”

பத்தாம் வகுப்புக்கு மட்டும் உண்மையான கணக்கு ஆசிரியர் ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேர்ச்சி சதவீதம் கேட்டு மாவட்டக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது பத்தாம் வகுப்புக்குத்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அடுத்த வருடப் பத்தாம் வகுப்பு என்பது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வருடம்தான் தெரியும்.

ஒரு காலியிடம் எத்தனை பேரை நகர்த்துகிறது என்பதை அட்டவணையை முழுதாகப் படித்தபோதுதான் பார்த்தேன். இரண்டு வகுப்புக் கணக்கு வாரத்துக்கு 14 பாடவேளை. அது என் தலையில் ஏறியதால் ஆறு, ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலைத் தமிழாசிரியருக்குக் கொடுத்திருந்தார்கள். அறிவியல் டீச்சர் கணக்குக்குப் போனதால் ஆறாம் வகுப்பு அறிவியல் ஆங்கில ஆசிரியருக்கு. ஆக, போனது ஒரு ஆள், நான்கு பேர் தனக்கு வராத பாடத்தோடு நின்றோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்காத பாடத்தை நடத்துவது எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது என்றில்லை. சமூக அறிவியல் என்றால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு. நான் கல்லூரியில் படித்தது அதில் ஒன்று. பருவக்காற்றையும் மண் வகைகளையும் வேலைக்கு வந்த பிறகு புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான். அறிவியல் டீச்சர் விலங்கியல் பட்டதாரி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள். காகிதப்படி நாங்கள் இருவரும் முழுத் தகுதி உள்ளவர்கள். அதனால் கணக்கைப் பற்றி நான் குதித்தபோது என் மனசாட்சி கொஞ்சம் நெளிந்தது உண்மை. ஆனால் புவியியலில் தெரியாததைப் படித்துவிட்டு வந்து சொல்லலாம். கணக்கில் அது நடக்காது என்று எனக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்துபோனது.

முதலில் மனு எழுதினேன். ‘கணிதப் பாடம் நடத்துவதற்குரிய கல்வித் தகுதி எனக்கு இல்லை. மாற்று ஏற்பாடு செய்யும்வரை பணியை ஏற்கிறேன்’ என்று இரண்டே வரி. தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு. நகல் எடுத்து, பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த நிலைமையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: மறுத்துச் சண்டை போட வேண்டாம், வாயால் புலம்பவும் வேண்டாம். எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏனென்றால் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில், கால அட்டவணை ஏறும்போது கணக்குக்கு நேராக ஒரு பெயர் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வகுப்பு நடக்கிறது. நாம் சமாளிக்கச் சமாளிக்க அந்தக் காலியிடம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போகும்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என்று மூன்று வகைக்கும் குறைந்தது ஒவ்வொரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது. அறிவியலும் கணிதமும் ஒரே வகை. அறிவியல் டீச்சர் இருக்கிறார், சரியாகப் போயிற்று. ஒன்பதாம் வகுப்போ அந்தச் சட்டத்துக்கு வெளியே.

அப்புறம் வகுப்பு. என் கையில் வந்த பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் 2020 மார்ச்சில் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கொரோனாவுக்காகப் பள்ளி மூடியது. ஏழாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. முழு எண்களின் கூட்டல் கழித்தலிலேயே பாதிப் பேர் தடுமாறினார்கள். இருப்பதிலேயே தேர்ந்த கணக்கு ஆசிரியர் தேவைப்பட்ட வகுப்புக்கு நான் போய் நின்றேன்.

ஜூன் முழுக்கப் பெரிய சேதமில்லை. முதல் பாடம் கண மொழி. வட்டம் வரைந்து, வெட்டு, சேர்ப்பு என்று ஓட்டிவிட்டேன். இரவில் புத்தகத்தின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோ பார்ப்பது, கைடில் இருக்கும் விடையை நோட்டில் எழுதிக்கொள்வது, காலையில் அதையே பலகையில் எழுதுவது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பரவாயில்லையே என்றுகூடத் தோன்றியது.

ஜூலையில் மெய்யெண்கள் பாடம் முடித்து ஒரு தேர்வு வைத்தேன். √8 + √18 சுருக்குக என்று ஒரு கேள்வி. விடை 5√2. வகுப்பில் 31 பேர். 11 பேர் √26 என்று எழுதியிருந்தார்கள், எட்டையும் பதினெட்டையும் உள்ளேயே கூட்டி. தப்பு என்று கோடு போட்டேன். இரண்டு பேர் √50 என்று எழுதியிருந்தார்கள். அதுவும் 5√2 இல்லையே, அதே கையோடு அதற்கும் ஒரு தப்பு.

தாள் கொடுத்த அன்று மதியம் அந்த இருவரில் ஒரு பையன் வராந்தாவில் வந்து நின்றான். “சார், அஞ்சை உள்ளே கொண்டு போனா இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு ரெண்டு அம்பதுதானே சார்?” என்றான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் தாளை வாங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டேன், வகுப்பில் எல்லார் முன்னாலும் “தப்பு என்னுடையது” என்றும் சொன்னேன். அது பெரிய விஷயமில்லை. எனக்கு உறைத்தது வேறு. √26க்கும் √50க்கும் என் பேனாவில் ஒரே கோடு. ஒருவன் எதையும் புரிந்துகொள்ளாமல் எழுதியிருக்கிறான், இன்னொருவன் எல்லாம் புரிந்து கடைசி வரியை மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறான். இரண்டும் எனக்குக் கைடில் இல்லாத விடை, அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனை பேருக்கு இப்படிப் போட்டேனோ. வீட்டுக்குக் கொடுத்திருந்த முதல் தேர்வுத் தாளை எல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். நான்கு பேர்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “கைடை மூடி வை தம்பி. நாளைக்கு நடத்தப் போறதை இப்ப எனக்கு நடத்து. நான் மக்குப் பையனா உட்கார்ந்துக்கிறேன்.”

அவர் மக்குப் பையனாக இருந்தது போல நான் எந்த மக்குப் பையனையும் பார்த்ததில்லை. −3 −2 என்று நான் எழுதினால் “மைனஸும் மைனஸும் ப்ளஸ், அஞ்சு சார்” என்பார். (a + b)² என்றால் “a² + b²” என்று பளிச்சென்று சொல்வார். ஏன் தப்பு என்று நான் விளக்க வேண்டும். ‘அது விதி’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் அச்சு அசலாக அதே தப்பைச் செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாற்பது வருடத்துத் தப்புகளை எல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார். √26 பற்றிச் சொன்னபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “ஒன்பதுக்கு வர்க்கமூலம் மூணு, பதினாறுக்கு நாலு. கூட்டினா ஏழு. உள்ளேயே கூட்டினா இருபத்தஞ்சு, அதோட மூலம் அஞ்சு. ஏழும் அஞ்சும் ஒண்ணான்னு கேளு.” மறுநாள் கேட்டேன். அந்த 11 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது.

வாரத்துக்கு மூன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போயிற்று. இதற்கு விலையும் இருந்தது. பத்தாம் வகுப்பு வரலாற்றுக்கு நான் வழக்கமாகச் செய்யும் எந்தத் தயாரிப்பும் அந்த வருடம் இல்லை. எனக்கு நன்றாக வரும் பாடத்தைப் பழைய நோட்டை வைத்து ஒப்பேற்றினேன்.

எட்டாம் வகுப்பில் மட்டும் என் படிப்பு ஒருமுறை கைகொடுத்தது. பின்னங்கள். கல்வெட்டு படிக்கும்போது பழைய தமிழ்ப் பின்ன அளவுகளைத் தெரிந்து வைத்திருந்தேன். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி 1/320. “உங்க பாட்டிகிட்ட மாகாணின்னா எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பினேன். மறுநாள் ஒரு பெண் “பதினாறில் ஒண்ணாம் சார்” என்றாள். மாவையும் காணியையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 1/20 என்பது 4/80. அதோடு 1/80. மொத்தம் 5/80, சுருக்கினால் 1/16. மா, காணி, மாகாணி! பகுதியைச் சமன் செய்வது என்ற விஷயம் அந்த வகுப்பில் அன்றைக்கு முடிந்தது. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்று அவர்களே போட்டுக்கொண்டே போனார்கள். ஐந்து மாதத்தில் நான் கணக்கு ஆசிரியர் மாதிரி உணர்ந்தது அந்த ஒரு பாடவேளைதான்.

இதற்கிடையில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் நியமிக்கலாம் என்று அரசு அறிவித்தது. மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்கள், பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். எங்கள் பள்ளியிலும் அறிவிப்பு ஒட்டினோம். கணக்குப் பட்டதாரி ஒருவரும் வரவில்லை. வீட்டில் டியூஷன் எடுத்தாலே அதைவிடக் கூட வருமென்று ஒருவர் நேராகவே சொன்னார். விண்ணப்பித்தது ஒரே ஒரு இளைஞர், பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். துணைப்பாடமாகக் கணிதம் படித்தவர். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் கணிதப் பணியிடத்துக்கு இயற்பியல் பட்டம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதிப்படி அது சரிதான். அவர் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு படியிறங்கியபோது மணி அடித்தது, நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குப் போனேன்.

என் மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆகஸ்டில் நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. கடைசியில் வேலை நடந்தது பெற்றோர் கூட்டத்தில்தான். அக்டோபர்க் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா, “பிள்ளை கணக்குல ஏன் இவ்வளவு கம்மி?” என்று கேட்டார். தலைமையாசிரியர் பக்கத்தில் இருந்தார். ஒரு நொடி யோசித்துவிட்டு, “நான் வரலாற்று ஆசிரியருங்க. கணக்கு ஆசிரியர் நமக்கு இல்ல” என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. தலைமையாசிரியர் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகத்தில் ஒரு நிம்மதியைத்தான் பார்த்தேன். அன்றே குழுவில் தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊரில் விசாரித்து, பக்கத்துக் கிராமத்தில் கைக்குழந்தைக்காக வீட்டோடு இருந்த ஒரு பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்த பெண்ணை அந்த அப்பாதான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருந்து நவம்பர் நடுவில் சேர்ந்தார்.

அவரிடம் ஒப்படைக்க ஒரு பட்டியல் போட்டேன். பாடக் குறிப்பேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எதை நடத்தினேன், எதைப் பலகையில் எழுதிப்போட மட்டும் செய்தேன் என்று பென்சிலால் குறித்தேன். காரணிப்படுத்துதல் சுமார். மீதித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் இரண்டும் விடை வரும், ஏன் என்று தெரியாது. வட்டத் தேற்றங்கள் வெறும் மனப்பாடம், நிரூபணம் எதுவும் நடக்கவில்லை. அவர் வாசித்துவிட்டு, “சார், இவ்வளவு விவரமா யாரும் எழுதித் தரமாட்டாங்க” என்றார். பிறகு பென்சில் குறி இருந்த இடங்களை எண்ணினார். ஏழு. அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து அந்த ஏழையும் முதலிலிருந்து நடத்த ஆரம்பித்தார். முதல் சனிக்கிழமை கடைசி பெஞ்சில் நானும் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.