பூவரசிலையின் இரண்டு பாதி: இதுவரை அளந்ததில்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பூவரசு நிற்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் உப்புக்காற்றுக்கு முகம் கொடுத்தபடி இன்னொன்று. இரண்டிலும் இலை பறித்து, நடுநரம்பிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று அளந்து வருகிறேன். சின்ன வயதில் பீப்பீ சுருட்டி ஊதிய அதே இலைதான். முதலில் வேம்பை யோசித்தேன், சரிவராது. வேப்பஞ் சிற்றிலையின் அடி பிறப்பிலேயே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பூவரசிலை பார்வைக்கு இரு பாதியும் ஒன்றுபோல இருக்கும். நான் தேடும் சின்ன வித்தியாசத்துக்கு அப்படி ஒன்றுதான் வேண்டும்.

இரு பாதிக்கும் மரபணு ஒன்று, குடிக்கிற தண்ணீரும் ஒன்று. அப்படியிருந்தும் அகலம் இம்மி பிசகுகிறது. ஒரு இலையில் இடம் கூடும், அடுத்ததில் வலம் கூடும், விதி எதுவும் இல்லை. வளர்ச்சியின்போது ஏற்படும் தற்செயலான தடுமாற்றம் இது. தளம்பல் சமச்சீரின்மை என்று சொல்லலாம். பரிணாம உயிரியலாளர் லீ வான் வேலன் 1962இல் இதை வேறு இரண்டு வகைகளிலிருந்து பிரித்துக் காட்டினார். ஒன்று திசைச் சமச்சீரின்மை, அதாவது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது. நம் இதயம் இடப்பக்கம் இருப்பது அப்படி. மீன் சந்தையில் நாக்குமீனைப் புரட்டிப் பாருங்கள், இரண்டு கண்ணும் இடப்பக்கத்தில்தான் இருக்கும். குஞ்சாக இருக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்து, வளர வளர ஒரு கண் மறுபக்கம் நகர்ந்து விடுகிறது.

மூன்றாவது வகை எதிர்ச் சமச்சீரின்மை: எல்லோருக்கும் ஒரு பக்கம் பெருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கிண்ணியாக் கண்டல் சேற்றில் பார்த்தேன். ஒரு கை மட்டும் பெருத்த அந்தச் சின்ன நண்டுகள் வங்கு வாசலில் நின்று கையை ஆட்டுகின்றனவே, அவைதான். பெரிய கை ஆணுக்கு மட்டும். சிலதற்கு வலக்கை பெரிது, சிலதற்கு இடக்கை. வலத்திலிருந்து இடத்தைக் கழித்துச் சராசரி எடுத்தால் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். ஆனால் அந்தச் சராசரியைப் போல இரு கையும் சமமான ஆண் நண்டு ஒன்றுகூடச் சேற்றில் இல்லை. வரைபடம் இரண்டு திமிலாக வரும், நடு வெறுமையாக இருக்கும். (ஏறக்குறைய எல்லா ஆணுக்கும் வலக்கையே பெருக்கிற இனங்களும் உண்டு. அவை திசை வகையில் சேரும்.) சராசரி பூச்சியம் என்றதும் தளம்பல் என்று முடிவுகட்டாமல், முதலில் புள்ளிகளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது இந்த நண்டுதான்.

இனி அளவுக்கு வருவோம். பாதி நேரம் போனது இதில்தான். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். வேர்னியர் இடுக்கிமானியை இலையில் வைத்தால் இலை வளைகிறது. நடுநரம்பும் ஒரு கோடல்ல, அதற்கே ஒரு தடிப்பு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? ஒரு இலைக்கு காலையில் இடம் 52.3, வலம் 51.6 வந்தது. மாலையில் அதே இலைக்கு 51.8, 51.9. இலை மாறவில்லை, என் கைதான் தளம்புகிறது. பால்மர், ஸ்ட்ரோபெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வற்புறுத்தியது இதைத்தான்: ஒவ்வொரு பக்கத்தையும் திரும்ப அளக்க வேண்டும், அளவீட்டுப் பிழையைத் தனியே பிரித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் தடுமாற்றம் என்று நாம் எழுதுவது நம் கைநடுக்கமாக இருக்கும்.

அதனால் ஸ்கேனருக்கு மாறினேன். கொமியூனிகேஷன் கடைத் தம்பி இலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மருந்துக்கோ?" என்றான். இல்லையடா, அளக்க என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. பறித்த அன்றே ஸ்கேன் செய்ய வேண்டும், வாடினால் சுருங்கிவிடும். இலையின் அடிப்பகுதி லேசாகக் குழிந்திருப்பதால் கண்ணாடியில் அமர்த்தும்போது அங்கே மடிந்துவிடுகிறது. ஆகவே காம்பு முனைக்கும் நுனிக்கும் சரிநடுவில் மட்டும் அகலம் எடுக்கிறேன். இமேஜ்ஜே மென்பொருள் இலவசம், கோடு இழுத்தால் நீளம் சொல்லும். இலைகளின் இலக்கத்தை மாற்றி ஒட்டுவது மருமகளின் வேலை, எது எந்த மரம் என்று எனக்குத் தெரியாமல் இருக்க. பெரிய இலையில் வித்தியாசமும் பெரிதாக வரும் என்பதால் மொத்த அகலத்தால் வகுத்துக்கொள்கிறேன்.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் கொம்புகளையும் படத்திலிருந்து அளக்கப் பார்த்தேன். கொம்பு விழுந்து புதிதாக முளைப்பது, இடமும் வலமும் சோடியாக இருப்பது. இதற்கென்றே செய்ததுபோல ஒரு உறுப்பு. ஆனால் மான் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே கமராவுக்குக் கிட்ட உள்ள கொம்பு பெரிதாகிவிடும். படத்தில் இது நடக்காது, விட்டுவிட்டேன்.

இலைகளின் நிலவரம்: இரு மரத்திலும் புள்ளிகள் பூச்சியத்தைச் சுற்றி ஒரே திமிலாக நிற்கின்றன. கடற்கரை மரத்தில் கொஞ்சம் அகலப் பரவியிருக்கின்றன. உடனே உப்புக்காற்றின் நெருக்கீடு என்று சொல்ல வாய் துடிக்கும். 1990களில் ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் துடித்தது, தளம்பலை நெருக்கீட்டின் அளவுகோலாகவே கொண்டாடினார்கள். பிற்பாடு வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் அந்த உற்சாகம் தணிந்தது. என்னிடம் இருப்பதோ இரண்டே மரம். காற்றா, மண்ணா, அந்த மரத்தின் பிறவிக் குணமா என்று இரண்டு மரத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பூவரசில் இலைகள் கிளையைச் சுற்றிச் சுருளாக வருகின்றன. தக்காளியில் இப்படிச் சுருள் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்து இலையின் ஒரு பாதி சற்றுக் கூட வளர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தென்னையிலும் இடச்சுருள் மரம், வலச்சுருள் மரம் என்று இரண்டு உண்டு. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் டி. ஏ. டேவிஸ் இதைப் பல காலம் ஆராய்ந்தார். தாய் மரம் எந்தப் பக்கமாக இருந்தாலும் பிள்ளைகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகவே பிரிந்தன. பூவரசிலும் கிளைக்குக் கிளை சுருள் மாறுமானால், நான் தளம்பல் என்று குறித்ததில் ஒரு பகுதி தற்செயலே அல்ல. நண்டைப் போன்ற இரண்டு திமில்கள் மிகக் கிட்டக் கிட்ட நின்று ஒன்றாகத் தெரிகின்றன என்றுதான் ஆகும்.

ஆகவே இனிப் பறிக்கும் ஒவ்வொரு கிளையிலும் சுருளின் திசையைப் பார்த்து நூல் கட்டுகிறேன், இடத்துக்குச் சிவப்பு, வலத்துக்கு நீலம். உப்புவெளிப் பக்கம் இன்னும் மூன்று நான்கு பூவரசு பார்த்து வைத்திருக்கிறேன். கச்சான் காற்று தொடங்கினால் இலையெல்லாம் கிழிந்துபோகும், அதற்கு முன் பறித்தாக வேண்டும்.